இருபத்தேழு எலும்புகள் குறைவு

என் அலுவலக அறைக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டி மட்டும்தான் இருந்தது. சுவர் கட்டித் தரும்படி மூன்று தடவை முறைப்படி விண்ணப்பித்தேன். மூன்று தடவையும் முறைப்படி மறுத்தார்கள். ஆகவே பதினொரு வருடங்கள், ஒவ்வொரு புதிய அணி மாணவர்களுக்கும் ஒரு ஆசிரியை எடுத்த முதல் வகுப்பை, கேட்க விரும்பாமலே கேட்டேன். உடலமைப்பியலும் உடற்றொழிலியலும். பரீட்சை எழுதியிருந்தால் எழுத்தில் சித்தியடைந்திருப்பேன். செய்முறையில் தோற்றிருப்பேன். அந்தத் தோல்வியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

குடாநாட்டில் தாதிகளைப் பயிற்றுவித்த ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுதமாட்டேன். குறை என்னுடையது, கட்டடத்தின் பெயரைக் கெடுப்பானேன்? நான் அங்கே நிருவாக உத்தியோகத்தர். எல்லோரும் ‘ஏ.ஓ.’ என்பார்கள். அந்த ஆசிரியையை மாணவர்கள் ‘மிஸ்’ என்றார்கள், நானும் அப்படியே. அவருடைய முழுப்பெயரை நூற்றுக்கணக்கான படிவங்களில் என் கையால் எழுதியிருக்கிறேன். இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. அவர் காலமாகிவிட்டார், இனிக் கேட்கவும் முடியாது. அவர் விஷயத்தில் கேட்காமல் எதையும் செய்வது சரியாக இராது. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

குள்ளமான பெண். வெள்ளைச் சேலை. மணிக்கூட்டை உள்மணிக்கட்டில் கட்டியிருப்பார், நாடி பிடிக்கிறவர்களின் பழக்கம். நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார். எதற்காவது காத்து நிற்கும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். என் மேசைக்கு முன்னால் அவர் நின்ற நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு வருடாந்த விடுமுறை அளவுக்கு வரும்.

முதல் வகுப்பு எப்போதும் ஒரே மாதிரித்தான் ஆரம்பிக்கும்.

“பிள்ளையள், புத்தகத்தை மூடி வையுங்கோ. இண்டைக்குப் பாடம் இல்லை. இந்தப் பாடத்திலை உங்களுக்கு என்னென்ன நடக்கும் எண்டு சொல்லிவிடுறன். பிறகு வந்து, மிஸ் முதலே சொல்லேல்லை எண்டு அழப்படாது.”

முதல் மாதம் இது உடம்பைப் பற்றிய பாடம் என்றே தோன்றாது, பாஷைப் பாடம் என்றுதான் தோன்றும் என்பார். “ஒரு எலும்புக்கு மூண்டு பேர் படிக்கவேணும். புத்தகத்துக்கு ஒண்டு, டொக்டருக்கு ஒண்டு, கட்டில்லை கிடக்கிற அம்மாவுக்குச் சொல்ல ஒண்டு. மூண்டாவதைக் கடைசியாத்தான் படிப்பியள். அதைத்தான் கூடப் பாவிப்பியள்.”

பிறகு நோய்கள். “இதயம் படிக்கிற கிழமை எல்லாருக்கும் நெஞ்சு படபடக்கும். சிறுநீரகம் படிக்கிற கிழமை நாரி நோகும். மூளை படிக்கேக்கை ஒரு ஆள் கட்டாயம் வந்து, மிஸ், எனக்குத் தலைக்குள்ளை கட்டி எண்டு சொல்லும். அது வருத்தம் இல்லை. பாடம் ஏறுது.”

படிக்கும் முறையையும் அன்றைக்கே சொல்லிவிடுவார். “பரீட்சைக்கு முதல் நாள் இருந்து படிச்சு இதிலை ஒருத்தரும் பாஸ் பண்ணினதில்லை. நாளாந்தம் கிணத்தடியிலை குளிக்கேக்கை, சவுக்காரம் போடுற இடத்தையெல்லாம் பேர் சொல்லிப் போடுங்கோ. ஒரு மாசத்திலை முழு உடம்பும் பாடமாயிடும்.”

ஒரு வருடம் ஒரு பெடியன் கேட்டான். “மிஸ், முதுகுக்குக் கை எட்டாதே?”

“அதாலைதான் மோனே முள்ளந்தண்டிலை எல்லாரும் பெயில்.”

தட்டிக்கு இந்தப் பக்கம் நான் சம்பளப் படிவத்தைக் குனிந்து பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொள்வேன்.

மூன்றாம் கிழமையில் ஒருவர் மயங்கி விழுவார், அது எப்போதும் வகுப்பிலே ஆக உயரமான பெடியனாகத்தான் இருக்கும், வெட்கப்படாமல் விழமுதலே நிலத்தில் இருந்துவிடுங்கள் என்பார். பஸ்ஸில் முன் சீற்றில் இருப்பவரின் பிடரியைப் பார்த்து எலும்பு எண்ணத் தொடங்குவீர்கள் என்பார். “எண்ணுங்கோ. ஆனா விரலை நீட்டாதையுங்கோ.” எங்கே என்ன இருக்கிறது என்று பாடமாக்குவது பாதிப் பாடம்தான், அது ஏன் அந்த இடத்தில் அந்த வடிவத்தில் இருக்கிறது என்று கேட்டால் மற்றப் பாதி வரும் என்பார். நான் உத்தியோகத்தில் இருந்த காலம் முழுக்க எங்கே என்ன இருக்கிறது என்று அறிந்தவன். மற்றப் பாதியை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கோப்பில் குறிப்பு எழுதியிருப்பேன்.

இவ்வளவும் முடிந்தபிறகு கதிரை நகரும் சத்தம் கேட்கும். அவர் எழும்பி, மண்டபத்தின் மூலையில் இரும்புத் தண்டில் தொங்கிய எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார் என்று அர்த்தம். பிளாஸ்ரிக் அல்ல, உண்மையான மனித எலும்புக்கூடு. கப்பலில் பெட்டியில் வந்த பழைய காலத்துச் சாமான்.

“பிள்ளை, கையைத் தூக்கிக் காட்டப் போறன்” என்பார்.

மாணவர்களிடம் அல்ல. எலும்புக்கூட்டிடம்.

பிறகு ஒரு மௌனம். ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம். அதன் பிறகுதான் கம்பிகள் கிறீச்சிட எலும்புக் கை உயரும்.

முதல் நாளில் இதற்கு யாராவது சிரிக்காமல் இருந்ததில்லை. அவர் சிரிப்பு முடியும்வரை நிற்பார். பிறகு யாராவது ஒருவர் கேட்பார்.

“மிஸ், அது செத்த ஆள்தானே?”

“ஓம். அதாலைதான் கூடக் கவனமாக் கேக்கவேணும். உயிரோடை இருக்கிற ஆளெண்டா நொந்தாக் கத்தும்.”

“மறுமொழி வராதே, மிஸ்?”

“வராது. கேட்டுப்போட்டு ஒரு மூச்சு நில்லுங்கோ. அந்த ஒரு மூச்சிலை கையின்ரை அவசரம் போயிடும். பிறகு தொடுங்கோ.”

“உயிரோடை இருக்கிற ஆள் வேண்டாம் எண்டு சொன்னா?”

“வேண்டாம் எண்டா வேண்டாம்தான். வேண்டாம் எண்டு சொல்ல இடம் விடாமல் கேக்கிறது கேள்வியில்லைப் பிள்ளை. அறிவித்தல்.”

நான் அறிவித்தல் எழுதிச் சம்பளம் வாங்கியவன். அந்த வசனம் வரும்போது எப்போதும் எதையாவது தேடி அலுமாரியைத் திறப்பேன்.

என்னோடு வேலை செய்த பழைய ஆட்கள் சொன்ன ஒரு விஷயம். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த எலும்புக்கூட்டை ‘அக்கா’ என்று கூப்பிட்டாராம். நான் மாற்றலாகி வந்தபோது ‘தங்கச்சி’. இரண்டு மூன்று வருடங்களில் அது ‘பிள்ளை’ ஆகிவிட்டது. இவருக்கு வயது ஏறிக்கொண்டு போனது. அவளுக்கு ஏறவில்லை.

கேட்டுத்தான் தொடுவது என்பது பாடத்தோடு நின்றிருந்தால் நான் பொறுத்திருப்பேன். பக்கத்தில் இருந்த திருநெல்வேலிச் சந்தையில் ஒருநாள் அவரைக் கண்டேன். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். “தொட்டுப் பாக்கட்டே, தம்பி?” என்கிறார். வியாபாரி வேறு யாருக்கோ நிறுத்துக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்துவிட்டு, “என்னக்கா நீங்கள், தொடாமல் என்னெண்டு வாங்கிறது? எல்லாரும் நகத்தாலை குத்திப்போட்டெல்லோ போகினம்!” என்றான். “அது அவை. நான் கேக்கிறன்” என்றார். அவன் தலையை ஆட்டியபிறகுதான் கை முன்னால் வந்தது.

என் மேசையில் இருந்த ஸ்ரேப்ளருக்கும் அதே விதிதான். நான் தொலைபேசியில் இருந்தால் நான் முடிக்கும்வரை நிற்பார். ஒருநாள் வேண்டுமென்றே பேச்சை நீட்டினேன், எவ்வளவு நேரம் நிற்பார் என்று பார்ப்பதற்கு. வகுப்பு மணி அடித்தது. ஸ்ரேப்ளர் இல்லாமலே போய்விட்டார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதற்கு ஒரு பதில் என்னிடம் இருந்தது.

இனி இருபத்தேழு எலும்புகளின் கதை.

வருடக் கடைசியில் பொருட் கணக்கெடுப்புச் சபை என்று ஒன்று கூடும். பதிவேட்டில் உள்ள கதிரை, மேசை, பாத்திரம் எல்லாம் உள்ளபடி இருக்கின்றனவா என்று எண்ணிக் கையெழுத்து வைக்கவேண்டும். அந்தச் சபைக்கு நான் தலைவர். எங்கள் பதிவேட்டில் ஒரு வரி இப்படி இருந்தது: ‘எலும்புக்கூடு, மனித, முழுமையானது, 1. எலும்புகள் 206.’ எனக்கு முன்னிருந்தவர்கள் அந்த வரிக்கு நேரே சரி அடையாளம் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனவர்கள். நான் அப்படியானவன் இல்லை. எண்ணச் சொன்னேன்.

களஞ்சியப் பொறுப்பாளர் வெண்கட்டியால் ஒவ்வொரு எலும்பிலும் புள்ளி வைத்து எண்ணினார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். கால் விரல்களில் மூன்று தரம் பிழைத்து, மூன்று தரம் முதலில் இருந்து தொடங்கினார். முடிவில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஐயா, நூற்றி எழுபத்தொன்பதுதான் வருது.”

“வடிவா எண்ணினனீரோ?”

“சத்தியமா ஐயா. இருபத்தேழு குறையுது. நான் ஒண்டையும் எடுக்கேல்லை. எனக்கு என்னத்துக்கு?”

நான் விதிப்படி செய்தேன். ‘தங்கள் பொறுப்பில் உள்ள எலும்புக்கூட்டில் இருபத்தேழு எலும்புகள் குறைவாகக் காணப்படுகின்றமைக்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள் எழுத்தில் சமர்ப்பிக்கவும்’ என்று மிஸ்ஸுக்குக் கடிதம் அனுப்பினேன். அதன் பிரதி ஒன்று பணிப்பாளருக்கும் போனது. அதுதான் நான் விட்ட பெரிய பிழை. சிறிய பிழையை ஒருவரோடு வைத்துக்கொள்ளலாம், பிரதி அனுப்பக்கூடாது.

அடுத்தநாளே பதில் வந்தது. அரைப் பக்கம், தெளிவான எழுத்து. மண்டையோட்டில் கீழ்த்தாடையைத் தவிர்ந்த இருபத்தொரு எலும்புகளும் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே துண்டாக இருக்கின்றன. சபை அவற்றை ஒன்று என்று எண்ணியிருக்கிறது. ஆகவே இருபது அங்கே கிடைக்கும். காதுகளுக்குள் ஆறு சிற்றெலும்புகள் உண்டு, அரிசிமணி அளவானவை. பெட்டி வந்த நாளில் இருந்தே அவை இல்லை. நாக்கின் அடியில் ஒரு எலும்பு உண்டு, அது வேறெந்த எலும்போடும் சேர்வதில்லை, அதுவும் வரவில்லை. ஆக இருபத்தேழு. பதிவேட்டில் 206 என்று எழுதியவர் எலும்புக்கூட்டைப் பார்த்து எழுதவில்லை, புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். மேலதிக விளக்கம் தேவையாயின் சபையார் வகுப்புக்கு வரலாம். கடைசி வரி: ‘எண்ணுவதற்கு முன் அனுமதி கேட்கப்பட்டதா என அறிய விரும்புகிறேன்.’

பணிப்பாளர் சிரித்துச் சிரித்து இருமினார். “போய்ப் பாத்திட்டு வாரும் ஏ.ஓ. சபைத் தலைவர் எல்லே” என்றார்.

போனேன். நாற்பது பிள்ளைகள். மிஸ் மண்டையோட்டைக் கையில் எடுத்து, அதற்கு முன் கேட்டு, ஒரு மூச்சு நின்று, பொருத்துகளைக் காட்டினார். நான் தலையாட்டினேன். பிறகு நாக்கடி எலும்பு.

“அது இவவிட்டை இல்லை. ஆனா எங்கள் எல்லாரிட்டையும் இருக்கு. ஏ.ஓ., உங்கடை தொண்டையிலை தொட்டுக் காட்டட்டே?”

அவருடைய கை பாதி வழியில் நின்றது. ஒரு மூச்சு.

“வேண்டாம்!” என்றேன். நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. “வேண்டாமாம்” என்று சொல்லிக் கையை இறக்கித் தன் தொண்டையிலே தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான் நடந்தது. அவர் தன்னுடைய விதியை எனக்கும் கடைப்பிடித்தார், வேறொன்றும் இல்லை. ஆனால் அன்று தொடக்கம் ஓய்வுபெறும்வரை மாணவர்களுக்கு நான் ‘இருபத்தேழு’. ‘டேய், இருபத்தேழு வருது!’ என்று மாமரத்தின் கீழிருந்து எழும்பி ஓடுவார்கள். என் கையெழுத்துக்கு வரும் விடுமுறை விண்ணப்பத்தில் ஒருவன் இருபத்தேழாம் திகதி என்று எழுதியிருந்தால்கூட அவன் முகத்தை ஒருதரம் பார்ப்பேன்.

அவரை நான் மன்னித்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

ஒருநாள் வேறு ஏதோ கையெழுத்துக்கு வந்தவரிடம் கேட்டேன். “ஏன் மிஸ், ஒரு எலும்புக்கூட்டுக்கு உவ்வளவு மரியாதை?”

“இவ தன்ரை விருப்பத்தோடை வந்தவ எண்டு உங்கடை ஃபைலிலை இருக்கோ, ஏ.ஓ.?”

அவர் போனபிறகு ஃபைலை எடுத்துப் பார்த்தேன். வேறு நாட்டில் இருந்து வந்த ஒரு பற்றுச்சீட்டு. பெட்டி ஒன்று. உள்ளே: மனித எலும்புக்கூடு, வளர்ந்த பெண். ‘தங்கச்சி’ என்றதெல்லாம் மிஸ்ஸின் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன், அது உண்மையிலேயே பெண் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு இடுப்பெலும்பைப் பார்த்துத் தெரியும். ஊர், பெயர், சம்மதம் ஒன்றும் இல்லை. இறக்குமதி அனுமதி மட்டும் ஒழுங்காக இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருக்கும்போது ஒரு மாரியில் மண்டபக் கூரை ஒழுகியது. எலும்புக்கூடு மூலையில் நனைந்தது. கம்பிகள் துருப்பிடித்தன, விலா எலும்புகள் பொடியத் தொடங்கின. யாரோ நல்ல மனம் படைத்தவர்கள் புதிதாகப் பிளாஸ்ரிக் எலும்புக்கூடு ஒன்று அன்பளித்தார்கள். பழையது கழிவுப் பொருள் பட்டியலில் ஏறியது, கிழிந்த மெத்தைகளுக்கும் கால் உடைந்த கதிரைகளுக்கும் நடுவில்.

மிஸ் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். களஞ்சியப் பொறுப்பாளரும் அப்போது அங்கே இருந்தார்.

“ஏ.ஓ., அவவை என்னட்டைத் தாங்கோ. எரிச்சுப்போட்டுப் பால் தெளிச்சுக் காடாத்தி, சாம்பலைக் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கரைச்சுவிடுறன். இவ்வளவு காலம் எங்களுக்குப் படிப்பிச்ச ஆள்.”

“அரச சொத்தைத் தனியாளுக்குக் குடுக்க ஏற்பாடு இல்லை, மிஸ்.”

“எனக்கில்லை. கடலுக்குத்தான்.”

“கடலிட்டை விலைமனு கோரேலாது, மிஸ்.”

களஞ்சியப் பொறுப்பாளர் சிரித்துவிட்டார். நானும் என் பகிடியில் திருப்திப்பட்டேன். என் சேவைக் காலத்தில் நான் சொன்னவற்றுள் ஆகக் கெட்டிக்காரத்தனமான வசனம் அதுதான். திரும்பப் பெறக்கூடியதாக இருந்தால் முதலில் அதைத்தான் பெறுவேன்.

அவர் கேட்ட கேள்விக்கு நான் விதிப்படி சரியான பதிலைத்தான் சொன்னேன். கேட்காத கேள்விக்கு என்னிடம் வேறொரு பதில் இருந்தது. சபை தன் முன்னிலையில் எரித்து அழிக்கும்படி பரிந்துரைக்கலாம். எந்த இடத்தில், எப்படி எரிப்பது என்பதைத் தலைவர் தீர்மானிக்கலாம். தலைவர் நான். ஒரு சுடலை என்று எழுதியிருந்தால் அது சுடலை. ஐயர் ஒருவர் அங்கே தற்செயலாக நின்றால் அதைத் தடுக்க விதியில்லை. இவ்வளவும் அவர் நின்றுகொண்டிருந்தபோதே எனக்குத் தெரியும். அவர் அதைக் கேட்கவில்லை, ஆகவே நான் சொல்லவில்லை. அரசாங்கக் கந்தோர்களில் இதற்கு அனுபவம் என்று பெயர்.

எரித்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை. வளவின் பின்பக்கம், வாழைகளுக்குக் கிட்ட, மெத்தைகளையும் கதிரைகளையும் குவித்திருந்தார்கள். சபையார் மூவரும் நின்றோம். தொழிலாளி எலும்புக்கூட்டைத் தண்டோடு தூக்கப் போனபோது ஒரு குரல் வந்தது.

“பொறும் தம்பி.”

மிஸ். கையில் ஒரு துணிப்பை. கிட்டே வந்து, “பிள்ளை, தூக்கப் போயினம்” என்றார். தொழிலாளி என்னைப் பார்த்தான். அந்த ஒரு மூச்சு நேரம் எல்லோருமே நின்றோம், நானும் உட்பட. பிறகு, “இப்ப தூக்கும்” என்றார்.

மெத்தை நெருப்பு சடசடவென்று எரிந்து சீக்கிரம் அடங்கிவிட்டது. சாம்பலுக்குள் மெத்தைச் சுருள்கம்பிகள் கிடந்தன, அவற்றுக்கு இடையே வெள்ளையாகத் துண்டுகள். நான் அழித்தல் சான்றிதழில் கையெழுத்து வைத்தேன். மற்ற இருவரும் வைத்தார்கள்.

அவர் விலகி நின்றார். துணிப்பையின் வாய் விரிந்திருந்தது. உள்ளே ஒரு புது மண்முட்டியும் மடித்த வெள்ளைத் துணியும் தெரிந்தன.

இப்போது ஒன்றைச் சொல்லவேண்டும். மூன்று கையெழுத்தும் விழுந்த அந்தக் கணத்தில் பொருள் பதிவேட்டில் இருந்து நீங்கிவிட்டது. சாம்பல் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது அரச சொத்தல்ல, யாருடைய சொத்துமல்ல. யாரும் அள்ளலாம். வேறொரு மனிதர் என்றால் கேட்காமலே குனிந்து இரண்டு கை அள்ளி முட்டியில் போட்டுக்கொண்டு போயிருப்பார். நானும் மறுபக்கம் பார்த்திருப்பேன். ஆனால் அவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார், மறுமொழி ‘இல்லை’ என்று வந்துவிட்டது. மறுமொழி மாறியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, துணிப்பை முழங்காலுக்குப் பின்னால் தொங்க, என் முகத்தையே பார்த்தபடி நின்றார்.

‘எடுங்கோ’ என்றால் போதும். ஒரு சொல்.

நான் பேனையை மூடினேன். “சரி, முடிஞ்சுது. வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்” என்று சபையாரிடம் சொன்னேன்.

என் அறை ஜன்னலால் பார்த்தபோது அவர் அங்கேயே நின்றார். பதினொன்றரை மணி அடித்ததும் துணிப்பையை மடித்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். அடுத்தநாள் தொழிலாளி சாம்பலை அள்ளி வாழைப் பாத்திக்குப் போட்டான். அந்த வாழை நன்றாகக் குலை தள்ளியது. வழக்கம்போல ஒரு சீப்பு என் மேசைக்கு வந்தது. சாப்பிட்டேனா என்பதை எழுதமாட்டேன்.

அவர் என்னோடு கோபிக்கவில்லை. ஸ்ரேப்ளருக்கு வந்து நின்றார், கேட்டார், எடுத்தார், திருப்பி வைத்தார். ஆனால் அடுத்த அணியின் முதல் வகுப்பில், தட்டிக்கு அந்தப் பக்கம், பிளாஸ்ரிக் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

“இது ஆளில்லை. இதிட்டைக் கேக்கத் தேவையில்லை. எண்டாலும் நீங்கள் பழகவேணும், அதாலை கேக்கிறம். கையைத் தூக்கப் போறன்.”

பிள்ளை என்ற சொல் வரவில்லை. பிறகு, பத்து வருடமாக நான் கேட்டிராத ஒரு வசனம் வந்தது.

“இந்தப் பாடத்திலை என்னென்ன எதிர்பார்க்கலாம் எண்டு சொன்னன். எதிர்பார்க்கக் கூடாத ஒண்டும் இருக்கு. கேட்டாக் கிடைக்கும் எண்டு இருக்காதையுங்கோ. கேக்கிறது உங்கடை வேலை. தாறது மற்ற ஆளின்ரை வேலை.”

நான் அலுமாரியைத் திறந்தேன். தேடுவதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்த வருடம் இருவருமே ஓய்வு பெற்றோம், அவர் எனக்கு ஐந்து மாதம் முந்தி. நாலைந்து வருடம் கழித்து ஒரு மருந்துக் கடையில் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள், மிஸ்ஸுக்குப் பாரிசவாதம், இணுவிலில் வீட்டோடு கிடக்கிறார் என்று. இரண்டு கிழமை யோசித்தேன். பிறகு போனேன்.

அவருடைய பெறாமகள், தங்கையின் மகள், கதவைத் திறந்தாள். “வாங்கோ ஐயா. பெரியம்மா கதைக்கமாட்டா. வலப்பக்கம் ஏலாது. ஆனா சொல்லுறது எல்லாம் விளங்கும், ஆக்களையும் தெரியும்.”

கட்டிலில் இன்னும் குள்ளமாகியிருந்தார். பெறாமகள் குனிந்து, “பெரியம்மா, தலையணையைக் கொஞ்சம் ஏத்தட்டே?” என்று கேட்டுவிட்டு நின்றாள். அவர் கண்ணை மூடித் திறந்தார். அதன் பிறகுதான் தலையணை நகர்ந்தது. “கேக்காமல் செய்தா முறைச்சுப் பாப்பா” என்று சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள்.

நான் கதிரையில் இருக்கவில்லை. வழியெல்லாம் எழுதித் திருத்திக்கொண்டு வந்த வசனங்கள் ஒன்றும் உதவவில்லை.

“மிஸ், அண்டைக்கு நீங்கள் அந்தச் சாம்பலை எடுத்திருக்கலாம். கையெழுத்து விழுந்தாப் பிறகு அது ஒருத்தற்றை சொத்துமில்லை. எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் சொல்லேல்லை.”

அவர் என்னைப் பார்த்தார். அன்று வாழைக்குப் பக்கத்தில் பார்த்த அதே பார்வை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவருடைய இடது கை போர்வைக்கு மேலே கிடந்தது. ஒட்ட வெட்டிய நகங்கள். அறுபத்தைந்து வயதில், என் வாழ்க்கையில் முதல் தடவையாக, அவர் படிப்பித்த மாதிரிக் கேட்டேன்.

“கையைப் பிடிக்கட்டே, மிஸ்?”

ஒரு மூச்சு நின்றேன்.

அந்தக் கை அசைந்தது. மெதுவாக, ஒவ்வொரு விரலாகப் பின்னுக்கு இழுபட்டுப் போர்வைக்குள் போனது. சின்ன விரல் கடைசியாக.

எல்லா மறுப்புக்கும் மேன்முறையீடு செய்ய ஒரு படிவம் எனக்குத் தெரியும்.

“சரி, மிஸ்” என்றேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பெறாமகள் தேத்தண்ணியோடு வந்து, “ஏன் ஐயா நிக்கிறியள், இருங்கோவன்” என்றாள். நின்றபடியே குடித்தேன்.